பிரிகேடியர் உஸ்மான்: ஜின்னாவுக்குச் சொன்ன 'நோ'வைத் தாண்டி இவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

2025 மே 7. ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்க வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியோடு வந்தவர்களில் ஒருவர் கர்னல் சோஃபியா குரேஷி. ஒரு வாரம்கூட ஆகவில்லை. மத்தியப் பிரதேச அமைச்சர் விஜய் ஷா ஒரு கூட்டத்தில் அவரது மதத்தைக் குறிவைத்துப் பேசியது பெரும் சர்ச்சையானது. மாநில உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்குப் பதியச் சொன்னது. அமைச்சரின் மன்னிப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மூன்று ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

இந்த மாதிரி சர்ச்சை வரும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்ற ஆரம்பிக்கும். ராணுவ உடையில் ஓர் இளம் அதிகாரி. கூடவே நாலு வரி: "ஜின்னா கூப்பிட்டும் பாகிஸ்தான் போகாதவர், பிரிகேடியர் முகமது உஸ்மான், காஷ்மீரில் உயிர் கொடுத்தவர்." படிக்கிறோம், ஒரு சல்யூட் எமோஜி போடுகிறோம், அடுத்த மெசேஜுக்குப் போய்விடுகிறோம்.

அந்த நாலு வரியில் இருப்பது பொய் இல்லை. ஆனால் அதில் உஸ்மான் என்ற ராணுவத் தளபதி காணோம். எங்கே சண்டை போட்டார், எதற்காக அந்த இடம் முக்கியம், எப்படி இறந்தார், இதெல்லாம் அதில் இல்லை. அவர் எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது. ஓர் இந்து அதிகாரியின் வாழ்க்கையை நாம் இப்படி ஒரே வரியில் சுருக்கியிருப்போமா?

முதலில் சின்ன திருத்தம். சில பகிர்வுகளில் இவரை 'ஜெனரல்' என்றே போடுகிறார்கள். பிரிகேடியர் என்பது மேஜர் ஜெனரலுக்கு ஒரு படி கீழே உள்ள பதவி. மூன்று பட்டாலியன்கள், சுமார் 3,000 வீரர்கள் கொண்ட ஒரு பிரிகேடுக்குத் தலைவர். 1947-48 காஷ்மீர் போரில் உயிரிழந்த இந்திய அதிகாரிகளிலேயே பதவியில் மிக உயர்ந்தவர் இவர்தான். வயது 35. இன்னும் 12 நாள் இருந்திருந்தால் 36.

*ஆரம்பம்*

பிறந்தது 1912 ஜூலை 15. ஊர் பீபிபூர். அன்றைக்கு ஆசம்கர் மாவட்டம், இப்போது உத்தரப் பிரதேசத்தின் மவூ மாவட்டத்தில் வருகிறது. அப்பா போலீஸ் அதிகாரி. படித்தது காசியில். சின்ன வயசில் திக்குவாய் இருந்ததாகச் சொல்வார்கள். 1932இல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கியதும் அதே 1932இல்தான். அதனால் சாண்ட்ஹர்ஸ்ட் போன கடைசி இந்திய மாணவர்களில் இவரும் ஒருவர். 1934இல் அதிகாரி. அடுத்த வருடம் 10வது பலூச் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனை.

இந்த 'பலூச்' என்ற பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை அங்கேதான் வரப்போகிறது.

*அந்த 'சாய்ஸ்' உண்மையில் என்ன?*

1947இல் பிரிந்தது நிலம் மட்டும் இல்லை. ரயில்வே பிரிந்தது, கருவூலம் பிரிந்தது, ராணுவமும் பிரிந்தது. தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. காலாட்படை ரெஜிமென்ட்களில் எட்டு பாகிஸ்தானுக்குப் போயின. பலூச் ரெஜிமென்ட் அதில் ஒன்று.

ஆட்கள் விஷயத்தில் விதி கொஞ்சம் வித்தியாசமானது. பாகிஸ்தானாகப் போகும் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் வீரர் இந்திய ராணுவத்தைக் கேட்க முடியாது. இந்தியப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் அல்லாதவர் பாகிஸ்தானைக் கேட்க முடியாது. ஆனால் இந்தியப் பகுதி முஸ்லிமும், பாகிஸ்தான் பகுதியில் இருக்கும் முஸ்லிம் அல்லாதவரும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்.

உஸ்மான் உத்தரப் பிரதேசத்துக்காரர். அதனால் அவர் கையில் நிஜமாகவே ஒரு முடிவு இருந்தது. ஒரு பக்கம், 12 வருடம் வேலை பார்த்த ரெஜிமென்ட். கூடவே வளர்ந்த சக அதிகாரிகள். சீனியர் அதிகாரிகளே அதிகம் இல்லாத ஒரு புது ராணுவம், அதாவது வேகமான பதவி உயர்வு. இன்னொரு பக்கம், சொந்த ஊர். கூடவே, மதக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் தன் பெயரை வைத்துத் தன்னைச் சந்தேகமாகப் பார்க்கக்கூடிய கண்கள்.

இந்தியாவிலேயே இருக்கிறேன் என்றார். ரெஜிமென்ட் போனது, அவர் போகவில்லை. டோக்ரா ரெஜிமென்ட்டுக்கு மாற்றப்பட்டார்.

இங்கே ஒரு ஒப்பீடு செய்து பார்க்கலாம். நம்ம ஊட்டி மக்களுக்கு நன்றாகத் தெரிந்த ஃபீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷா இருந்த ஃப்ரன்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டும் பாகிஸ்தானுக்குத்தான் போனது. அவரும் ரெஜிமென்ட்டை விட்டுவிட்டு இந்தியாவில் தங்கி, கூர்க்கா படைக்கு மாறினார். மானெக்‌ஷா பார்சி. அவர் வாழ்க்கையில் இது ஒரு சுவாரஸ்யமான துணுக்கு, அவ்வளவுதான். உஸ்மானுக்கோ இதுவே முழு வாழ்க்கைக் கதையாகிவிட்டது.

சரி, 'பாகிஸ்தான் ராணுவத் தளபதி பதவியையே தருகிறேன் என்று ஜின்னா சொன்னார்' என்ற கதை? ஜின்னாவும் லியாகத் அலி கானும் அவரை இழுக்கப் பார்த்தார்கள் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்வது. ஆனால் தளபதி பதவி என்பதை நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். பாகிஸ்தானின் முதல் இரண்டு ராணுவத் தளபதிகளும் பிரிட்டிஷ்காரர்கள்: மெஸ்ஸர்வி, கிரேசி. முதல் பாகிஸ்தானியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது 1951 ஜனவரியில். அவர் அயூப் கான், உஸ்மானைவிட ஆறு வருடம் சீனியர். 35 வயது பிரிகேடியருக்கு அந்தப் பதவி உடனடி வாக்குறுதியாக இருந்திருக்கும் என்று நம்புவது கஷ்டம். 'ஒருநாள் நீதான்' என்ற அளவில் ஆசை காட்டியிருந்தால் அது வேறு. கதையில் உணர்ச்சி அதிகம், கணக்கு குறைவு.

*ஜங்கர் ஏன் முக்கியம்?*

மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜம்முவிலிருந்து வடமேற்காக அக்னூர், நவ்ஷேரா. அதையும் தாண்டினால் ஜங்கர். மிர்பூரிலிருந்து வரும் பாதையும் கோட்லியிலிருந்து வரும் பாதையும் சேரும் இடம் அது. அந்தச் சந்திப்பைப் பிடித்தவன் நவ்ஷேராவை மிரட்டலாம். நவ்ஷேரா போனால் ஜம்முவுக்கே ஆபத்து.

1947 அக்டோபரில் பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் புகுந்ததும், இந்திய விமானங்கள் ஸ்ரீநகரில் இறங்கியதும் நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்த கதை. ஆனால் தெற்கே நடந்தது அதிகம் பேசப்படுவதில்லை. நவம்பர் கடைசியில் மிர்பூர் விழுந்தது. கோட்லியைக் கைவிட வேண்டியதாயிற்று. பூஞ்ச் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டது. உஸ்மான் 50வது பாராசூட் பிரிகேடுக்கு அனுப்பப்பட்டது இந்த நிலைமையில்தான். டிசம்பர் 25ஆம் தேதி ஜங்கரும் கையை விட்டுப் போனது.

பெயரில் பாராசூட் இருந்தாலும் இங்கே யாரும் விமானத்திலிருந்து குதிக்கவில்லை. மலைப்பாதையில் நடந்து, பங்கர் தோண்டி, குளிரில் காவல் இருக்கும் சாதாரண காலாட்படை வேலைதான்.

'ஜங்கரைத் திருப்பிப் பிடிக்கும்வரை கட்டிலில் படுக்க மாட்டேன்' என்று உஸ்மான் சபதம் எடுத்தது அப்போதுதான். ஜனவரி மாதம், ஜம்மு மலைக் குளிர். தரையில் பாய் விரித்துத் தூங்கினார். படிக்கிற நமக்கு சினிமா டயலாக் மாதிரி தெரியலாம். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கான செய்தி என்று யோசிக்க வேண்டும். தோற்றுப் பின்வாங்கி வந்த ஒரு பிரிகேட். அதன் புதுத் தலைவர் ஒரு முஸ்லிம். எதிரில் இருப்பவர்கள் 'ஜிஹாத்' என்று கூவிக்கொண்டு வருகிறார்கள். அவர் கீழே இருக்கும் வீரர்களில் பலர் பஞ்சாப் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். 'நம்மாளு எந்தப் பக்கம்?' என்ற கேள்வி முகாமில் யார் மனசிலும் வந்திருக்காது என்று சொன்னால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அவர் பேச்சில் பதில் சொல்லவில்லை. தரையில் படுத்துக் காட்டினார்.

*நவ்ஷேரா: இதுதான் அவருடைய உண்மையான ரெக்கார்டு*

1948 ஜனவரியில் மேற்குப் பகுதி ராணுவத்தின் தலைமைக்கு வந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் கரியப்பா. பிறகு இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தளபதி ஆனவர். நவ்ஷேராவுக்கு வந்து சுற்றிப் பார்த்தவர், உஸ்மானிடம் ஒரு 'பரிசு' கேட்டாராம்: கோட் என்ற மலைமுகடு. ஊருக்கு வடகிழக்கே, நவ்ஷேராவைக் குனிந்து பார்க்கிற உயரம். அங்கே எதிரி உட்கார்ந்திருந்தால் கீழே எதுவும் பாதுகாப்பில்லை. பிப்ரவரி 1ஆம் தேதி கோட்டைப் பிடித்துக் கொடுத்தார் உஸ்மான். அந்தத் தாக்குதலுக்கு வைத்த பெயர் ஆபரேஷன் கிப்பர். 'கிப்பர்' கரியப்பாவின் செல்லப்பெயர். பாஸ் கேட்ட வேலைக்கு பாஸ் பெயரையே வைத்துவிட்டார்கள்!

ஐந்தே நாளில், பிப்ரவரி 6ஆம் தேதி அதிகாலை, நவ்ஷேரா மீது பெரும் தாக்குதல் வந்தது. ஆயிரக்கணக்கானோர் பல திசைகளிலிருந்து வந்தார்கள். அன்றைக்கு தைன் தார் என்ற முகட்டில் ஒன்பது பேரோடு இருந்த ராஜ்புத் ரெஜிமென்ட் நாயக் ஜதுநாத் சிங், அலை அலையாக வந்த தாக்குதலைத் தடுத்து அங்கேயே உயிர்விட்டார். பிறகு அவருக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. கோட் முகடு முன்பே கைக்கு வந்திராவிட்டால் அன்றைய தினம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நாள் முடிவில் இந்தியத் தரப்பில் 33 பேர் பலி, 102 பேர் காயம். எதிர்த்தரப்பில் சுமார் 1,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது இந்தியத் தரப்பின் கணக்கு. போர்க்களத்தில் எதிரியின் பிணங்களை எண்ணுவதில் எப்போதும் கொஞ்சம் தாராளம் இருக்கும். பாதியாகக் குறைத்தாலும் அது பெரிய தோல்விதான். இதற்குப் பிறகுதான் 'நவ்ஷேராவின் சிங்கம்' என்ற பட்டமும், அவர் தலைக்குப் பாகிஸ்தான் தரப்பு அறிவித்ததாகச் சொல்லப்படும் 50,000 ரூபாய் பரிசும்.

நவ்ஷேராவில் இன்னொரு விஷயமும் நடந்தது. போரில் ஆதரவற்றுப் போன ஆறு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களைச் சேர்த்து 'பாலக் சேனா' என்று ஓர் அணி வைத்தார் உஸ்மான். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் உண்டு. சண்டை நேரத்தில் சில பையன்கள் குண்டுமழைக்கு நடுவே செய்தி கொண்டுபோனார்கள். பின்னர் அவர்களில் மூன்று பேருக்குப் பிரதமர் நேரு தங்கக் கைக்கடிகாரம் பரிசளித்தார். பல கட்டுரைகள் இதைப் புல்லரிக்கும் சம்பவமாக எழுதுகின்றன. அநாதைக் குழந்தைகளுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைக்கு எந்த ராணுவமாவது பத்து வயதுப் பையனைப் போர்முனையில் ஓடவிட்டால் நாம் கைதட்ட மாட்டோம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடிப்பதில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது.

மார்ச் மாதம் ஜங்கரை நோக்கி நகர்ந்தது படை. புறப்படும் முன் வீரர்களுக்கு அவர் கொடுத்த உத்தரவுக் கடிதத்தில் மெக்காலேயின் ஆங்கிலக் கவிதை ஒன்றைச் சேர்த்திருந்தார். காசியில் படித்து சாண்ட்ஹர்ஸ்ட் போன மனிதர், இந்திய கிராமத்து வீரர்களுக்கு ரோமாபுரி வீரனைப் பற்றிய பிரிட்டிஷ் கவிதையைச் சொல்லிப் போருக்கு அனுப்புகிறார். அந்தத் தலைமுறை அதிகாரிகள் எந்தக் கலவையில் செய்யப்பட்டவர்கள் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது. மார்ச் 18ஆம் தேதி ஜங்கர் திரும்பக் கிடைத்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கட்டில் கொண்டுவந்து போட்டார்கள்.

*ஜூலை 3 மாலை*

போன இடத்தைத் திரும்பப் பிடிப்பது ஒரு வேலை. அதை விடாமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. மே மாதத்திலிருந்து எதிர்த்தரப்பின் தன்மையே மாறியது. துப்பாக்கியோடு வந்த கூட்டத்துக்குப் பின்னால் முறையான பீரங்கிகள் வந்தன.

1948 ஜூலை 3ஆம் தேதி மாலை, ஜங்கரில் உள்ள பிரிகேட் தலைமையகத்தின் மேல் குண்டுகள் விழ ஆரம்பித்தன. உஸ்மானும் கூட இருந்த அதிகாரிகளும் ஒரு பாறையின் ஓரமாக ஒதுங்கினார்கள். சிறிது நேரத்தில் அவர் அங்கிருந்து நகர்ந்தார். 25 பவுண்டர் பீரங்கியின் குண்டு ஒன்று பக்கத்தில் விழுந்தது. தான் இறந்தாலும் பிடித்த இடத்தை விட்டுவிடாதீர்கள் என்பதாக அவரது கடைசி வார்த்தைகளைச் சொல்வார்கள்.

இப்போது அந்த 25 பவுண்டரைக் கொஞ்சம் கவனிக்கலாம். அது பழங்குடிப் படைகள் தோளில் தூக்கி வரும் ஆயுதம் இல்லை. இழுத்து வர வண்டி, இயக்கப் பயிற்சி பெற்ற அணி, தொடர்ந்து குண்டு சப்ளை எல்லாம் வேண்டும். அதாவது, ஒரு ராணுவம் வேண்டும். அதுவரை பாகிஸ்தான் உலகத்துக்குச் சொன்னது, 'எங்கள் ராணுவம் அங்கே இல்லை' என்பதுதான். உஸ்மான் இறந்த நான்காவது நாள், ஜூலை 7ஆம் தேதி, ஐ.நா. ஆணையக் குழு கராச்சியில் வந்து இறங்கியது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஜஃப்ருல்லா கான் அவர்களிடம் சொன்ன தகவல்: மே மாதத்திலிருந்தே பாகிஸ்தான் ராணுவத்தின் மூன்று பிரிகேடுகள் காஷ்மீருக்குள் இருக்கின்றன.

இன்னொரு முரணும் உண்டு. அன்றைக்கு இரண்டு பக்க ராணுவத்துக்கும் தலைமை பிரிட்டிஷ் ஜெனரல்கள்: இங்கே புச்சர், அங்கே கிரேசி. களத்தில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்களோ ஒரு வருடம் முன்புவரை ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். உஸ்மான் விட்டுவந்த பலூச் ரெஜிமென்ட் இப்போது எதிர்ப்பக்க ராணுவத்தில் இருந்தது.

*டெல்லியில் இறுதி மரியாதை*

உடல் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டு ஜாமியா மில்லியா இஸ்லாமியா வளாகத்தை ஒட்டிய இடத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. நேரு வந்திருந்தார். இணையத்தில் பல இடங்களில் 'கவர்னர் ஜெனரல் மவுன்ட்பேட்டன் கலந்துகொண்டார்' என்று காப்பி பேஸ்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. மவுன்ட்பேட்டன் ஜூன் 21ஆம் தேதியே பதவியை விட்டுக் கிளம்பிவிட்டார். ஜூலை மாதம் அந்தப் பதவியில் இருந்தவர் நம்ம ராஜாஜி. அடுத்த முறை யாராவது அந்தப் பதிவை ஃபார்வர்டு செய்தால் சொல்லுங்கள்.

அவருக்கு வழங்கப்பட்டது மகா வீர் சக்ரா. வீர விருதுகளே 1950 ஜனவரி 26 அன்றுதான் முறையாக நிறுவப்பட்டன, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்ற கணக்கோடு. 1949 ஜனவரி 1 போர்நிறுத்தத்தில் மிர்பூரும் கோட்லியும் அந்தப் பக்கம் தங்கிவிட்டன. ஜங்கர் இந்தியாவிடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி.

2020 டிசம்பரில் உஸ்மான் மறுபடி செய்தியானார். ஜாமியா பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரது கல்லறை உடைந்து கிடக்கும் படங்கள் வெளியாயின. பராமரிப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி கிளம்பியது. மனைவி, பிள்ளை இல்லாத மனிதர். சுற்றிலும் ஜனநெருக்கடியான ஒரு பகுதி. கடைசியில் ராணுவமே முன்வந்து, எங்கள் வீரரை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிக் கல்லறையைச் சீரமைத்தது. வருடத்துக்கு ஒருமுறை மலர்வளையம் வைக்க வருகிறவர்களும், சர்ச்சை வரும்போது மட்டும் அந்தப் படத்தைப் பகிர்கிறவர்களும் இருந்தும், கல் உடைந்ததை ஒரு போட்டோ வந்த பிறகுதான் நாடு கவனித்தது.

இந்திய முஸ்லிம்களின் விசுவாசத்துக்கு ஆதாரமாக உஸ்மானை நீட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆதாரம் நீட்டும்போதே, ஆதாரம் கேட்பது நியாயம்தான் என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். கர்னல் குரேஷியைப் பற்றிய பேச்சுக்கு நீதிமன்றம் சட்டத்தை வைத்துப் பதில் தேடியது. 1948இல் இறந்த ஒருவரின் சான்றிதழ் அதற்குத் தேவைப்படவில்லை. உஸ்மானைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கோட் முகட்டை எந்தத் தேதியில் பிடித்தார், ஏன் அதை முதலில் பிடித்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜதுநாத் சிங்கைப் பற்றி நாம் அப்படித்தானே பேசுகிறோம்?

ஜங்கரில் அவர் விழுந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. ஜூலை 3 தோறும் நவ்ஷேரா பகுதி ராணுவத்தினர் அங்கே கூடுகிறார்கள். 2025 மே மாதம் 7 முதல் 10 வரை, அந்த ரஜௌரி மாவட்டத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து மறுபடியும் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன.